தட்டச்சுப் படியும் சுவடியே: ‘பாழ்நிலம்’ வரைவுத்தாள்கள் தரும் சான்று

ஆய்வுச் சுருக்கம்

நூலகங்களின் கையெழுத்துப் படிப் பிரிவுகளில் உள்ள தட்டச்சுத் தாள்கள், உள்ளடக்கத்திற்காக மட்டுமே பெரும்பாலும் படிக்கப்படுகின்றன. தாள், மை நாடா, எழுத்துத் தேய்வு, கார்பன் படி ஆகிய புறக்கூறுகள் பட்டியல்களில் இடம்பெறுவது அரிது. நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் தொகுப்பில் உள்ள டி. எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ வரைவுத்தாள்களைக் கொண்டு, இப்புறக்கூறுகள் ஒரு படைப்பின் வரலாற்றையே மாற்றி எழுதவல்லவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அம்முறை தமிழ்த் தட்டச்சுப் படிகளுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தட்டச்சுப் படி, கார்பன் படி, சுவடியியல், பதிப்பியல், எலியட், பெர்க் தொகுப்பு.

முன்னுரை

ஏட்டுச்சுவடி ஒன்றைப் பட்டியலிடுபவர் ஏடுகளின் எண்ணிக்கை, நீள அகலம், பக்கத்திற்கு வரிகள் எத்தனை, சிதைவு எங்கெங்கு, எழுதியவர் பெயர் உண்டா, எந்த ஊரிலிருந்து வந்தது என்பனவற்றையெல்லாம் குறிப்பார். நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் தந்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் பட்டியலைச் சுவடியியலார் பட்டியல் என்று ஏற்கமாட்டார்கள். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் எந்தெந்தப் படி யாரிடமிருந்து கிடைத்தது என்பதைப் பதிந்து வைத்தார். பாடத்தை மதிப்பிடுவதற்குப் படியின் பிறப்பையும் அறிந்தாக வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது.

ஆனால் அதே நூலகத்தில், அடுத்த அலமாரியில், ஒரு கட்டுத் தட்டச்சுத் தாள்கள் இருந்தால் இந்த அக்கறை மறைந்துவிடுகிறது. ‘தட்டச்சு, 52 தாள்கள்’ என்பதோடு பதிவு முடிகிறது. பொறியில் அடித்தது எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும், அதில் விவரிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆங்கிலத்தில் வழங்கும் ‘மேனுஸ்கிரிப்ட்’ என்ற சொல்லும் இலத்தீனில் கையால் எழுதப்பட்டது என்றே பொருள்படும். பெயரின்படி பார்த்தால் தட்டச்சுத் தாளுக்கு அப்பிரிவில் இடமே இல்லை. நடைமுறையில் உலகின் பெரிய நூலகங்கள் அனைத்தும் அவற்றை அங்கேதான் வைத்திருக்கின்றன. அச்சேறாத, பலமடங்கு பெருக்கப்படாத, ஒரு குறிப்பிட்ட மனிதரின் மேசையிலிருந்து வந்த தாள் என்ற வகையில் அது அச்சு நூலைவிடச் சுவடிக்கே நெருக்கமானது. இடம் கொடுத்த நூலகங்கள், சுவடிக்குரிய விவரிப்பை மட்டும் ஏன் கொடுப்பதில்லை என்ற வினாவிலிருந்தே இக்கட்டுரை பிறந்தது.

பொறிக்கும் ஒரு கையுண்டு

தட்டச்சுப் பொறிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதை அறிஞர்களுக்கு முன்பே துப்பறியும் கதை கண்டுகொண்டது. 1891இல் ஆர்தர் கோனன் டாயில் எழுதிய ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதை ஒன்றில், கையொப்பத்தைக்கூடப் பொறியில் அடித்து அனுப்பிய ஒருவனை, எழுத்துகளின் தேய்மானத்தைக் கொண்டே ஹோம்ஸ் பிடித்துவிடுகிறார். ரெமிங்டன் நிறுவனம் முதன்முதலாகத் தட்டச்சுப் பொறிகளை விற்பனைக்குக் கொண்டுவந்து அப்போது 20 ஆண்டுகள்கூட நிறையவில்லை. பின்னர் நீதிமன்றங்களும் இதை ஏற்றன. அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரியாக இருந்த ஆல்ஜர் ஹிஸ் 1950இல் பொய்ச்சாட்சியக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற வழக்கில், அரசு ஆவணங்களின் தட்டச்சு நகல்களை ஹிஸ் வீட்டிலிருந்து முன்னர் அனுப்பப்பட்ட கடிதங்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டதே முதன்மையான சான்றாக நின்றது. அவ்வழக்கு பற்றிய சர்ச்சை நெடுங்காலம் ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொறியின் சாட்சியமும் மறுவிசாரணைக்கு அப்பாற்பட்டதன்று.

இதன் இயங்குமுறை எளியது. மின்னணுக் கருவிகளுக்கு முந்தைய பெரும்பாலான பொறிகளில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிக் கம்பியின் நுனியில் வார்க்கப்பட்டிருக்கும். விசையை அழுத்தினால் கம்பி எழுந்து மை நாடாவின்மீது மோதித் தாளில் எழுத்தைப் பதிக்கும். அதிகம் பயன்படும் எழுத்து விரைவில் தேயும். கம்பி சற்றே வளைந்தால் அந்த எழுத்து மட்டும் வரியைவிட்டு ஏறியோ இறங்கியோ சாய்ந்தோ விழும். எழுத்தின் உட்குழிவில் மையும் நூல்துகளும் அடைந்தால் அது கறுத்த புள்ளியாகப் பதியும்; துடைத்தவுடன் மீண்டும் தெளியும். துணி நாடா மெல்ல மங்கும். புதிய நாடா போட்ட நாளில் எழுத்து திடீரெனக் கறுக்கும். இவற்றில் சில பொறிக்கு உரியவை, சில அந்த வாரத்திற்கு உரியவை. முன்னவை இன்ன பொறி என்று காட்டும். பின்னவை இன்ன காலம் என்று காட்டும்.

நியூயார்க்கில் கிடந்த கட்டு

இம்முறை இலக்கிய வரலாற்றில் என்ன செய்யக்கூடும் என்பதற்கு எலியட்டின் ‘பாழ்நிலம்’ நெடுங்கவிதையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. தமிழ்ப் புதுக்கவிதை பற்றிய விவாதங்களில் ‘எழுத்து’ இதழின் காலம் முதலே எலியட்டின் பெயர் அடிபட்டு வருகிறது. ஆயினும் அக்கவிதையின் தாள்கள் பற்றி நம்மிடையே பேச்சு குறைவு.

1922 அக்டோபரில் லண்டனில் எலியட் தாமே தொடங்கிய ‘க்ரைட்டீரியன்’ இதழிலும், நவம்பரில் அமெரிக்காவின் ‘டயல்’ இதழிலும் கவிதை வெளிவந்தது. டிசம்பரில் நியூயார்க்கில் நூலாயிற்று. வெளியீட்டு ஒப்பந்தங்களில் உதவிய நியூயார்க் வழக்கறிஞர் ஜான் குவினுக்கு நன்றிக்கடனாக எலியட் வரைவுத்தாள்கள் அனைத்தையும் அனுப்பிவைத்தார். தம் இளமைக்காலக் கவிதைகள் அடங்கிய குறிப்பேடு ஒன்றையும் உடன் அனுப்பினார். வரைவுகளை அன்பளிப்பாகவும் குறிப்பேட்டை விலைக்கும் பெற்றுக்கொண்ட குவின், அதற்கு 140 டாலர் கொடுத்தார். கட்டு 1923 ஜனவரியில் அவரை அடைந்தது. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

அதன்பின் அக்கட்டு எங்கே போயிற்று என்பது எலியட்டுக்குக்கூடத் தெரியவில்லை. குவினின் உடைமைகள் சகோதரி வழியே சகோதரியின் மகளிடம் சென்றன. 1950களின் தொடக்கத்தில் சேமிப்புக் கிடங்கிலிருந்த பெட்டிகளிலிருந்து அவர் அதை மீட்டார். 1958இல் நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் தொகுப்புக்கு 18,000 டாலருக்கு விற்றார். மருத்துவச் சகோதரர்களான ஹென்றி பெர்க், ஆல்பர்ட் பெர்க் ஆகியோரின் பெயரால் அமைந்த தொகுப்பு அது. விற்பனை வெளியே சொல்லப்படவில்லை. 1965 ஜனவரியில் எலியட் மறைந்தபோதும் தம் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன என்பதை அவர் அறியவில்லை. 1968 அக்டோபரில்தான் நூலகம் செய்தியை அறிவித்தது. 1971இல் வேலரி எலியட் தாள்களின் ஒளிப்படங்களையும் எதிர்ப்பக்கத்தில் அவற்றின் அச்சுப்பெயர்ப்பையும் சேர்த்துப் பதிப்பித்தார். ஆசிரியர் உயிரோடிருக்கும்போதே அவருடைய கையெழுத்துப் படி அவருக்கே எட்டாமல் ஒரு நூலகத்தில் ஏழாண்டுகள் இருந்தது என்பது, நூலகங்கள்பால் எனக்குள்ள பற்றையும் மீறி, இன்றும் சங்கடப்படுத்தும் செய்தி.

கட்டில் இருந்தவை கலவையான தாள்கள். கவிதையின் ஐந்து பகுதிகளில் முதல் மூன்றும் தட்டச்சில் உள்ளன. நான்காம், ஐந்தாம் பகுதிகள் கையெழுத்திலும் தட்டச்சிலும் உள்ளன. ஓரங்களில் எஸ்ரா பவுண்டின் வெட்டுகளும் குறிப்புகளும். இரண்டாம் பகுதியில் எலியட்டின் முதல் மனைவி விவியனின் குறிப்புகளும் காணப்படுகின்றன. அச்சில் 430க்குச் சற்றே மேற்பட்ட வரிகளாக நாம் அறியும் கவிதை, வரைவில் அதைவிட மிக நீண்டது. முதல் பகுதியின் தொடக்கத்தில் இருந்த 54 வரிகளை எலியட்டே அடித்துவிட்டார். மூன்றாம் பகுதியின் முகப்பில் பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் போப்பின் பாணியில் ஏறத்தாழ 70 வரிகள் இருந்தன. பவுண்டின் சொற்படி அவை நீங்கின. நான்காம் பகுதி 90க்கும் மேற்பட்ட வரிகளிலிருந்து 10 வரிகளாகச் சுருங்கியது.

பவுண்டின் பங்கைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இக்கட்டுரையின் பொருள் அதுவன்று. நம் கவனம் தட்டச்சின்மீதே.

எந்தப் பகுதி முதலில்?

தாள்களில் நாள் குறிக்கப்படவில்லை. ஆகவே எப்பகுதி முதலில் எழுதப்பட்டது என்ற வினா எழுந்தது. முதலிரு பகுதிகள் ஒரு பொறியிலும் மூன்றாம் பகுதி வேறொரு பொறியிலும் அடிக்கப்பட்டுள்ளன என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. முதலிரு பகுதிகளின் தலைப்பில் டிக்கன்ஸின் நாவல் ஒன்றிலிருந்து எடுத்த, பல குரல்களில் பேசுவதைச் சுட்டும் ஒரு பணித்தலைப்பு அடிக்கப்பட்டுள்ளது. மூன்றாம் பகுதியில் அது இல்லை. இந்த வேறுபாட்டை எப்படி விளக்குவது?

1973இல் ஹியூ கென்னர் மூன்றாம் பகுதியே காலத்தால் முற்பட்டது என்று வாதிட்டார். அதன்படி கவிதை லண்டன் மாநகரத்தைப் பற்றிய அங்கதமாக, டிரைடன் முதலான பழைய நகரக் கவிஞர்களின் வழியில் தொடங்கியிருக்க வேண்டும்; தொன்மமும் சடங்கும் பின்னர்ச் சேர்ந்திருக்க வேண்டும். கென்னர் நுட்பமான வாசகர். அவ்வாதம் கவிதையைப் புதிய ஒளியில் காட்டியது. அடுத்த ஆண்டு லிண்டல் கோர்டன் தாள்களின் வகைகளைக் கொண்டு வரிசையை ஆராய்ந்தார். எனினும் ஒரு தாளை மற்றொரு தாளோடு கட்டுக்குள்ளேயே ஒப்பிடும்வரை கிடைப்பது முன்பின் வரிசை பற்றிய ஊகமே. காலத்தை உறுதிப்படுத்தக் கட்டுக்கு வெளியே நாள் குறித்த தாள்கள் தேவை.

லாரன்ஸ் ரெய்னி அதைத்தான் செய்தார். எலியட் அக்காலத்தில் எழுதி நாளிட்ட கடிதங்களையும் கட்டுரைப் படிகளையும் பல நூலகங்களிலிருந்து திரட்டி, அவற்றின் தாளையும் தட்டச்சையும் ‘பாழ்நிலம்’ தாள்களோடு பொருத்திப் பார்த்தார். அவருடைய முடிவுகள் 2005இல் நூலாக வந்தன. அதற்கு அடித்தளமாக ஒரு குடும்பச் செய்தியும் இருந்தது. 1921 கோடையில் எலியட்டின் தாயாரும் தமையன் ஹென்றியும் தமக்கையும் அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு வந்து தங்கினர். ஆகஸ்டில் திரும்பும்போது ஹென்றி தம் நல்ல பொறியைத் தம்பிக்கு விட்டுவிட்டு, தம்பியின் பழுதுபட்ட பழைய பொறியைத் தாம் எடுத்துச் சென்றார். அந்நாளுக்கு முற்பட்ட எலியட்டின் தட்டச்சும் பிற்பட்ட தட்டச்சும் இதனால் கண்ணுக்குத் தெரியும்படி பிரிந்து நிற்கின்றன.

முதலிரு பகுதிகள் பழைய பொறியில் அடிக்கப்பட்டவை. எனவே ஹென்றி புறப்படுவதற்கு முந்தியவை. மூன்றாம் பகுதி அவர் விட்டுச்சென்ற பொறியில் அடிக்கப்பட்டது. எனவே அதற்குப் பிந்தியது. கடிதங்களும் இதற்கு இசைவாகவே உள்ளன. 1921 மே மாதத்திலேயே, மனத்தில் ஒரு நெடுங்கவிதை இருப்பதாகவும் அதில் ஒரு பகுதி தாளில் ஏறிவிட்டதாகவும் எலியட் குவினுக்கு எழுதியிருந்தார். நரம்புத் தளர்ச்சிக்காக வங்கியில் மூன்று மாத விடுப்புப் பெற்று மார்கேட் கடற்கரையில் தங்கியிருந்தபோது, நவம்பர் தொடக்கத்தில், மூன்றாம் பகுதியில் ஏறக்குறைய 50 வரிகளை எழுதியிருப்பதாக நண்பர் சிட்னி ஷிஃப்புக்குத் தெரிவித்தார். இறுதிப் பகுதிகள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சிகிச்சையின்போது கையால் எழுதப்பட்டன. திரும்பும் வழியில் 1922 ஜனவரியில் பாரிஸில் பவுண்டோடு தங்கியபோது, அவருடைய பொறியில், ஊதா நிற நாடாவில் அவை தட்டச்சேறின.

ஆக மூன்று பொறிகள், மூன்று இடங்கள், ஓராண்டு. நகர அங்கதம் முதலில் தோன்றித் தொன்மம் பின்னர் வந்து சேர்ந்தது என்ற வரலாறு இதனால் ஆட்டங்காண்கிறது. பல குரல்களின் கோவையாகத் தொடங்கிய ஒன்று நடுவழியில் அங்கதத்தை முயன்று பார்த்து, பின் அதைக் கைவிட்டது என்ற வரலாறு அதனிடத்தைப் பெறுகிறது. கவிதையில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆயினும் அது எப்படி உருவாயிற்று என்பதற்கான விடை மாறிவிட்டது. விடையைத் தந்தது பொருள்கோடல் அன்று. எழுத்துக் கம்பிகளின் தேய்மானமும் தாளின் வகையும்.

மூன்றாம் பகுதியின் மையத்தில் வருபவள் ஒரு தட்டச்சுப் பெண் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. அவள் வரும் தாளைக் காலம் கணிக்க உதவியதும் தட்டச்சே.

இரட்டைப் படி என்னும் பிழை

மூன்றாம் பகுதியின் தாள்களில் நூலகவியலார் தனியே கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அப்பகுதிக்கு நாடாவில் பதிந்த முதற்படியும் கார்பன் படியும் இரண்டுமே தப்பியுள்ளன. இரண்டிலும் தட்டச்சு ஒன்றே. ஒரே மோதலில் பிறந்தவை. ஆனால் இரண்டிலும் பவுண்டு தம் குறிப்புகளை எழுதியிருக்கிறார். ஒன்றில் உள்ள குறிப்புகளின் நகல்களாக மற்றொன்றின் குறிப்புகள் இல்லை. தட்டச்சு வரிகளை மட்டும் பார்த்து ‘இரட்டைப் படி’ என ஒருவர் கார்பன் தாள்களைக் கழித்திருந்தால், இருபதாம் நூற்றாண்டின் மிகுதியாகப் பேசப்பட்ட திருத்தப்பணி ஒன்றின் ஒரு கட்டம் அழிந்திருக்கும். அத்தாள்கள் முப்பதாண்டுகளுக்கு மேல் எந்த நூலகத்தின் கையிலும் சிக்காமல் பெட்டிக்குள் கிடந்தது, இந்தக் கோணத்தில் பார்த்தால், நல்லூழ் என்றே சொல்லத் தோன்றுகிறது.

கார்பன் படியின் மதிப்பை நூலகங்களைவிடக் காவல்துறை நன்கு அறிந்திருந்தது என்பதற்கு சோவியத் ஒன்றியத்தில் ஒரு சான்றுண்டு. 1961 பிப்ரவரியில் வசீலி க்ரோஸ்மனின் ‘வாழ்வும் விதியும்’ நாவலைப் பறிமுதல் செய்ய வந்த கேஜிபி அதிகாரிகள் கையெழுத்துப் படியையும் தட்டச்சுப் படிகளையும் எடுத்ததோடு நிற்கவில்லை. பயன்படுத்திய கார்பன் தாள்களையும் மை நாடாக்களையும் சேர்த்தே கொண்டுசென்றனர். பயன்படுத்திய கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் அதில் பதிந்த வரிகளை வாசிக்கலாம். நாடாவிலிருந்தும் சொற்களை மீட்க முயலலாம். அவர்களின் கணக்கு தவறவில்லை. ஆனால் படிகளின் எண்ணிக்கைதான் தவறிவிட்டது. க்ரோஸ்மன் முன்னரே தம் நண்பர் செமியோன் லிப்கின் முதலானோரிடம் படிகளை ஒப்படைத்திருந்தார். 1964இல் அவர் மறைந்தார். பின்னர் லிப்கின் காத்த படியின் நுண்படச்சுருள் எல்லை கடந்தது. 1980இல் லோசான் நகரில் நாவல் அச்சேறியது. பறிமுதலான தாள்கள் 2013இல்தான் ரஷ்ய அரசின் இலக்கிய, கலை ஆவணக் காப்பகத்திற்கு ஒப்படைக்கப்பட்டன. எலியட் நாவலை அல்ல, கவிதையை எழுதிய நகரமும் க்ரோஸ்மனின் நாவல் அச்சேறிய நகரமும் ஒன்றாக அமைந்தது தற்செயலே.

தமிழ்த் தட்டச்சின் புள்ளி

மேற்கண்ட முறை ரோமன் எழுத்துப் பொறிகளைக் கொண்டு உருவானது. தமிழ்த் தட்டச்சுப் படிகளுக்கு அது பொருந்துமா? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணிபுரிந்த ஆர். முத்தையா தமிழுக்கு விசைப்பலகை வகுத்ததிலிருந்து கணிப்பொறி பரவும்வரை அரசு அலுவலகங்கள், கட்சி அலுவலகங்கள், பல்கலைக்கழகத் துறைகள், தனியார் தட்டச்சுப் பயிலகங்கள் ஆகியவற்றில் அடிக்கப்பட்ட தாள்களின் அளவு பெரியது. கடந்த தலைமுறைப் பேராசிரியர்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பெரும்பாலும் தட்டச்சுப் படிகளே. அவற்றுள் அச்சேறாதவை பல.

தமிழ்ப் பொறியின் அமைப்பு ஆய்வாளருக்கு ஒரு கூடுதல் வாய்ப்பைத் தருகிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதில் தனி விசை உண்டு. அந்த விசையை அழுத்தினால் புள்ளி பதியும், தாளேந்தி நகராது. அதன்பின் அடிக்கும் எழுத்து அப்புள்ளியின் கீழ் வந்து அமரும். தட்டச்சுப் பயின்ற எவருக்கும் முதலில் புள்ளி, பின்பு எழுத்து என்ற இவ்வரிசை விரலில் ஏறிய பாடம். இதன் விளைவாக க், த், ம், ன் என எல்லா மெய்களுக்கும் புள்ளியைத் தருவது ஒரே கம்பி. அக்கம்பி இம்மியளவு வளைந்தாலும் பக்கம் முழுவதும் புள்ளிகள் எழுத்தின் உச்சியைவிட்டு ஒரே பக்கமாக விலகி நிற்கும். தமிழில் மெய்யெழுத்து இல்லாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆங்கிலப் படியில் ஒரு குறிப்பிட்ட எழுத்தின் பழுதைக் காணப் பல வரிகளைத் துழாவ வேண்டியிருக்கலாம்; தமிழ்ப் படியில் ஒரு வரியே போதுமான அளவு சான்றைத் தந்துவிடும். மேலும், புள்ளியை அடித்துவிட்டு எழுத்தை மறந்த இடங்களும், புள்ளியை விட்டுவிட்டுப் பின்னர்ப் பேனாவால் வைத்த இடங்களும் அடித்தவரின் பழக்கத்தைக் காட்டும். அதாவது பொறியின் கையோடு மனிதரின் கையும் அங்கே தெரியும்.

எழுத்துவடிவத்தைக் கொண்டு காலம் கணிப்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த அரசாணையை எல்லைக்கோடாகக் கொள்ளும் பழக்கம் நம்மிடையே உண்டு. அச்சுக்கே அது முழுமையாகப் பொருந்தாது. பெரியாரின் இதழ்கள் 1935 முதலே சீர்திருத்த வடிவங்களைக் கையாண்டன. பொறிக்கு அது இன்னும் பொருந்தாது. வாங்கிய பொறியை ஆணை வந்தவுடன் யாரும் தூக்கி எறிவதில்லை. பழைய பொறி பழுதாகும்வரை பழைய வடிவத்தையே பதிக்கும். எனவே வடிவத்தைவிடத் தேய்மானமே நம்பத்தக்க சான்று. அதையும் ரெய்னி செய்ததுபோல், நாளிட்ட கடிதங்களோடும் அலுவலகக் கோப்புகளோடும் பொருத்தியே பயன்படுத்த வேண்டும்.

பட்டியலில் இதற்கெல்லாம் பெரும் உழைப்பு தேவைப்படாது. முதற்படியா கார்பன் படியா, கார்பன் எனில் எத்தனையாவது என்று தோன்றுகிறது, தாளில் நீர்க்குறி உண்டா, நாடாவின் நிறம் என்ன, கையால் செய்த திருத்தங்கள் பேனாவிலா பென்சிலிலா, அவை ஒருவருடையவையா பலருடையவையா, பொறி இடையில் மாறுகிறதா என்பனவற்றை நான்கு வரிகளில் எழுதிவிடலாம். ஏட்டுச்சுவடிக்கு நம் முன்னோர் இதைவிடக் கூடுதலாகவே எழுதினர்.

ஒரு பதிவேட்டு வரி

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக நூலகம் ஒன்றில் நாட்டார் பாடல் தொகுப்பு ஒன்றின் தட்டச்சுப் படியைப் பார்க்க நேர்ந்தது. அச்சேறாத தொகுப்பு. அட்டையில் ஆண்டு இல்லை. முதல் 43 தாள்களில் புள்ளிகள் எழுத்தின் வலத்தோள்மீது விழுகின்றன. 44ஆம் தாளிலிருந்து நேர் உச்சியில் நிற்கின்றன. பொறி மாறியிருக்கலாம் என்று முதலில் எண்ணினேன். ஆனால் ‘ழ’கரத்தின் கீழ்வளைவு அடைத்துக் கறுப்பதும் ‘று’ வரியைவிட்டுச் சற்று இறங்குவதும் இரு பகுதிகளிலும் அப்படியே தொடர்கின்றன. எனவே பொறி ஒன்றுதான்; யாரோ புள்ளிக் கம்பியை மட்டும் நிமிர்த்தியிருக்கிறார்கள். 43ஆம் தாளுக்கும் 44ஆம் தாளுக்கும் இடையே பணி நின்று மீண்டும் தொடங்கியிருக்க வேண்டும். பாடல்களும் அவ்விடத்தில்தான் மாறுகின்றன. அதுவரை தாலாட்டும் ஒப்பாரியும். அதன்பின் நடவுப் பாடல்கள். இரண்டாம் முறை வேறொரு பருவத்தில், வேறு பாடகர்களிடம் தொகுக்கப்பட்டதா என்பதே என் கேள்வி.

வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தொகுப்பு நூலகத்திற்கு வந்த நாளில் நீல மையில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: இரண்டு படிகள், இரண்டாவது கார்பன் படி, பாடியவர் பெயர்கள் பென்சிலில் உள்ளன. அதன் எதிரே, பிற்காலத்துப் பந்துமுனைப் பேனாவில், ‘இரட்டைப் படி, கழிக்கப்பட்டது’ என்று இருந்தது. நான் பார்த்த முதற்படியில் பாடியவர் பெயர் ஒன்றுகூட இல்லை.